மூடிய சுற்றின் எல்லை

காரின் ஏசியை உரிமையாளரே பழுதுபார்க்க முற்படும்போது நேரும் விபத்துகளுக்கு அவரது அறியாமையே காரணம் என்று சொல்லிவிடுவது தொழில்நுட்பர்களுக்கு எளிது. ஆனால் அழுத்தமானியை மட்டும் பார்த்து 'கேஸ் குறைவு' என்று முடிவுகட்டி நிரப்பும் வழக்கத்தை அவர் கண்டு பழகியது பட்டறைகளில்தான் என்பதால், பழி முழுவதும் அவரைச் சேராது.

பட்டறை வழக்கில் கேஸ் எனப்படும் குளிர்பதனப் பொருள், எஞ்சின் ஓய்ந்திருக்கையில் திரவமும் ஆவியுமாகச் சமநிலையில் இருப்பதால், அப்போது மானி காட்டும் எண் வெப்பநிலையைச் சொல்லுமே தவிர எடையைச் சொல்லாது. 30 டிகிரி செல்சியஸில் ஆர்-134ஏ காட்டும் ஏறத்தாழ 6.7 பார் அழுத்தம், உள்ளே சிறிதளவு திரவம் எஞ்சியிருக்கும் வரை மாறுவதில்லை. ஆகவே குளிர்ச்சி குறைந்த வண்டியில் அழுத்தமும் இராது என்று நம்பி இணைப்பைத் தளர்த்துபவரின் கையிலும் கண்ணிலும், சுமார் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் திரவம் பீறிட்டு உறைபுண்ணை உண்டாக்குகிறது. காற்றைவிடக் கனமான அதன் ஆவி பழுதுபார்க்கும் குழியில் தேங்கி மூச்சுத்திணற வைக்கும். தீச்சுடரில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் நச்சு வாயுவாகச் சிதையும். உயரழுத்தப் பக்கத்தில் கேஸ் நிரப்பும் டப்பாவை இணைத்தால் எதிர் அழுத்தத்தில் அது வெடிக்கக்கூடும். இரு பக்க வால்வுகளும் 13, 16 மில்லிமீட்டர் என வெவ்வேறு அளவில் அமைக்கப்பட்டிருப்பது இந்தத் தவறைத் தடுக்கவே.

கசிவைத் தேடக் காற்றழுத்தத்தைச் செலுத்துவதும் ஆபத்தானது. சாதாரண நிலையில் எரியாத ஆர்-134ஏ, அழுத்தத்தில் காற்றுடன் கலக்கும்போது எரியக்கூடியதாக மாறலாம் என்பதால், ரெகுலேட்டர் பொருத்திய உலர் நைட்ரஜனே இதற்கு உரியது. புதிய கார்களில் உள்ள ஆர்-1234ஒய்எஃப் இயல்பிலேயே மிதமாகத் தீப்பற்றும். மின்வாகனங்களிலோ கம்ப்ரசரே உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால், பொருந்தாத எண்ணெய் மின்காப்பைக் கெடுத்துவிடும்.

கேபின் ஃபில்டரை மாற்றுவது, கண்டென்சரின் தூசியைக் கழுவுவது போன்ற, கேஸ் ஓடும் மூடிய சுற்றுக்கு வெளியே முடியும் வேலைகளை உரிமையாளரிடம் விடலாம். சுற்றைத் திறக்கும் வேலை, கேஸை மீட்டெடுக்கும் இயந்திரமும் எடைத்தராசும் உள்ள இடத்துக்கே உரியது. கசிவைக் கண்டறிந்து அடைத்து, எடையளந்து நிரப்புவதைப் பட்டறை தன் வழக்கமாக்கிக் கொண்டால்தான், இந்த எல்லையை உரிமையாளருக்குச் சொல்லும் தகுதி அதற்கு வாய்க்கும்.