அட்டையைப் படிக்கும் உரிமை

ஆரணிப் பட்டுச் சேலையின் கரையில் வரிசையாக நடந்து செல்லும் அன்னங்களை நெய்தவர் யார்? நெசவாளரின் கையும் காலும் என்று சொன்னால் அது பாதி விடைதான். மறுபாதி, தறியின் மேலே சங்கிலிபோல் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும் அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் துளைகள் உண்டு. துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைகிறது. அந்த ஊசியோடு இணைந்த கொக்கி மேலே தூக்கப்படுகிறது. கொக்கியோடு பாவு இழையும் எழுகிறது. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடுகிறது. கொக்கி விலகிக்கொள்ள, இழை கீழேயே நின்றுவிடுகிறது. எழுந்த இழைகளுக்கும் நின்ற இழைகளுக்கும் நடுவே நாடா பாய்கிறது. பிறகு அடுத்த அட்டை, அடுத்த ஊடை. இப்படித்தான் அன்னம் பிறக்கிறது.

இந்த முறையைப் பிரான்சு நாட்டின் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் உருவாக்கினார். அவருடைய உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று 1839-இல் வெளிவந்தது. அதற்குத் தேவைப்பட்டவை ஏறத்தாழ 24,000 அட்டைகள்! இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் அப்படத்தில் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்கும் துளையிட்ட அட்டைகளின் மூலமே கட்டளையிட எண்ணினார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார். ஆகவே தறியைக் கணினியின் மூத்த உறவினர் என்று சொன்னால் தவறில்லை.

இன்று நெசவாளர் வீடுகளில் வேறோர் அட்டையும் குடியேறியிருக்கிறது. அது மடிக்கணினிக்குள் இருக்கும் கம்பியில்லா வலை அட்டை. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் மடிக்கணினிகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் பலவற்றில் விண்டோஸ் இயங்குதளத்தோடு 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. இது சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது.

இந்த இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்து ஒரு கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை. தறியின் அட்டையை எவரும் கையில் எடுத்துத் துளைகளை எண்ணலாம். கிழிந்தால் புதிதாகத் துளையிட்டு மாற்றலாம். கணினி அட்டையோடு பேசும் மொழியோ பல வேளைகளில் பூட்டிக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கருவியின் மொழியைப் பூட்டி வைப்பது முறையல்ல. அந்த அட்டையைத் தாமே பொருத்தி இயக்கும் பயிற்சி ஒவ்வொரு மாணவருக்கும் கிடைக்கவேண்டும்.

அட்டை என்ன செய்கிறது?

கம்பியில்லா அட்டை ஒரு சிறிய வானொலி நிலையம். அது செய்தியை அனுப்பவும் செய்யும், வாங்கவும் செய்யும். இதற்கான உலகப் பொது விதி 1997-இல் வந்தது. அன்றைய வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் அது 11 மெகாபிட் ஆயிற்று. 'வைஃபை' என்ற பெயரும் அவ்வாண்டில்தான் வழங்கலாயிற்று. இந்தியாவில் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த ஆற்றலோடு உரிமம் இல்லாமலே பயன்படுத்த 2005-இல் அரசு அனுமதி அளித்தது.

2.4 கிகா ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். ஒளியின் வேகத்தை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், அலைநீளம் 12.5 செ.மீ. வரும். அதில் கால் பங்கு ஏறத்தாழ 3 செ.மீ. அலைவாங்கி இவ்வளவு சிறியதாக இருந்தால் போதும் என்பதால்தான் அதை மடிக்கணினியின் திரை ஓரத்தில் ஒளித்துவைக்க முடிகிறது. அங்கிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி வந்து அட்டையில் சேருகின்றன.

பொருத்துவது எளிது

அட்டை பழுதானால் மாற்றலாம். பழைய மடிக்கணினிகளில் அது 30 மி.மீ. அகலமுள்ள 'மினி பிசிஐ எக்ஸ்பிரஸ்' வகை. பின்னர் வந்தவற்றில் 22 மி.மீ. அகலமும் 30 மி.மீ. நீளமும் கொண்ட 'எம்.2' வகை. அண்மைக் கால மடிக்கணினிகள் சிலவற்றில் அட்டையைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். அவற்றில் மாற்ற வழியில்லை. வாங்கும் முன்னரே இதைக் கேட்டறிவது நல்லது.

மாற்றும் முறை இது. மின் இணைப்பைத் துண்டித்து மின்கலத்தையும் கழற்றுங்கள். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லைக் கெடுத்துவிடும். ஆகவே முதலில் ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்ளுங்கள். அலைவாங்கிக் கம்பிகள் எந்த முனையில் இருந்தன என்று குறித்துக்கொண்டு அவற்றை நேர்மேலாக எடுங்கள். திருகாணியைக் கழற்றினால் அட்டை தானே சாய்ந்து எழும். புதிய அட்டையைச் சாய்வாகச் செருகி, அழுத்தித் திருகுங்கள். கம்பிகளை மீண்டும் மாட்ட மறந்தால், இரண்டடி தூரத்தில் உள்ள ரௌட்டரைக்கூட அட்டை சரியாகக் கேட்காது. முதல் முறை செய்யும்போது ஆசிரியரோ விவரம் அறிந்த பெரியவரோ உடன் இருக்கட்டும்.

பேச வைப்பதே கடினம்

அட்டை பொருந்திவிட்டது, ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. ஏன்? ஜக்கார்டுப் பெட்டியைத் தறியின் மேல் ஏற்றி வைத்தால் மட்டும் அன்னம் வந்துவிடுமா? துளையிட்ட அட்டைகளைக் கோக்கவேண்டும் அல்லவா? இங்கே பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. கணினியின் 'அட்டை' உண்மையில் ஜக்கார்டுப் பெட்டிக்கு ஒப்பானது. தறி அட்டைக்கு ஒப்பானது 'இயக்கி' என்னும் நிரல். அந்தச் சில்லுக்கு எந்த வேளையில் எந்தக் கட்டளை தரவேண்டும் என்பதை இயங்குதளத்துக்குச் சொல்லித்தருவது அதுவே.

எந்த அட்டைக்கு எந்த இயக்கி என்று கணினி எப்படி அறிகிறது? ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு எண்கள் பதிந்திருக்கும். ஒன்று நிறுவனத்தைக் குறிக்கும். மற்றது மாதிரியைக் குறிக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற நுண்செயலியின் பெயரும் அதுவே! லினக்ஸில் 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளை இந்த எண்களைக் காட்டும். விண்டோஸில் சாதன மேலாளர் காட்டும். 'வைஃபை வரவில்லை' என்று கடைக்காரரிடம் சொல்லும் மாணவருக்கும், 'இந்த எண்ணுள்ள அட்டைக்கு இயக்கி இல்லை' என்று சொல்லும் மாணவருக்கும் எவ்வளவு வேறுபாடு! இரண்டாமவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

இயக்கிக்கு அடுத்தபடியாக 'நிலைபொருள்' வேண்டும். இது சில்லுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல். பல அட்டைகளில் கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் இதை அட்டைக்குள் ஏற்றவேண்டும். அதன் பிறகே வலையின் பெயர், கடவுச்சொல், முகவரி ஆகியவை. நாட்டின் பெயரையும் சரியாக அமைக்கவேண்டும். இந்த அலைவரிசையில் இந்தியாவில் 1 முதல் 13 வரை தடங்கள் உண்டு. அமெரிக்காவில் பொதுவாக 11 வரைதான். ரௌட்டர் 13-ஆம் தடத்தில் இருந்து, அட்டையின் நாடு அமெரிக்கா என்று இருந்தால், அந்த வலையின் பெயர் திரையில் தோன்றாமலே போகலாம். அட்டையில் குறையில்லை, அமைப்பில்தான் குறை.

பூட்டும் திறவுகோலும்

இங்கேதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி எழுகிறது. பல நிறுவனங்கள் தங்கள் சில்லுக்கு விண்டோஸ் இயக்கியை மட்டும் தந்துவிட்டு, சில்லு எப்படிக் கட்டளை வாங்குகிறது என்ற விவரத்தை மறைத்து வைத்தன. லினக்ஸ் போட்டவர்களுக்கு அட்டை வெறும் தகடாகவே கிடந்தது.

அந்தப் பூட்டைத் திறந்தவர்கள் செய்தது நெசவாளருக்குத் தெரிந்த வேலைதான். பழைய சேலை ஒன்றின் வேலைப்பாட்டை மீண்டும் நெய்யவேண்டும், அட்டைகளோ இல்லை என்றால் என்ன செய்வது? இழை இழையாக எண்ணிக் கட்டத்தாளில் குறித்து, புதிதாக அட்டை அடிக்கவேண்டும். பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகளுக்கும் அதுதான் நடந்தது. ஒரு குழுவினர் பழைய இயக்கியின் நடத்தையை ஆராய்ந்து விவரமாக எழுதினர். மற்றொரு குழுவினர் அந்த விவரத்தை மட்டும் படித்து லினக்ஸுக்குப் புதிய நிரல் எழுதினர். 2006-இல் அது லினக்ஸில் சேர்ந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காம் நிறுவனமே தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கி ஒன்றை வெளியிட்டது. அதற்கு முன்பே, 2008-இல், அத்ரோஸ் நிறுவனம் அதே வழியில் இறங்கியிருந்தது. இன்று லினக்ஸ் போட்டவுடன் பல அட்டைகள் தாமே உயிர்பெறுகின்றன என்றால், அதற்குப் பின்னால் இத்தனை பேருடைய பொறுமையான உழைப்பு இருக்கிறது.

நிலைபொருளின் பூட்டு இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை. பாஸுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளம், மூலநிரல் வெளியிடப்படாத நிலைபொருளைத் தன் நிறுவும் வட்டில் சேர்க்காமல் நெடுங்காலம் விலகி நின்றது. கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் விளைவு என்ன? நிலைபொருளை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு நிலைபொருள் வேண்டும். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே! கடைசியில் 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து அதைச் சேர்க்க முடிவு செய்தனர். 2023-இல் வந்த பதிப்பில் அது சேர்ந்தது. பூட்டிய நிறுவனங்கள் வளைந்து கொடுக்கவில்லை. திறந்து வைத்தவர்களே வளைந்து கொடுக்கவேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு பூட்டும் உண்டு. சில நிறுவனங்களின் மடிக்கணினிகள், தங்கள் பட்டியலில் உள்ள அட்டைகளைத் தவிர வேறு எதைச் செருகினாலும் இயங்க மறுக்கும்படி அமைக்கப்பட்டன. கடையில் குறைந்த விலைக்கு நல்ல அட்டை கிடைத்தாலும் பயனில்லை. தறி விற்றவரிடமே நாடாவையும் வாங்கவேண்டும் என்று சொன்னால் நெசவாளர் ஒப்புக்கொள்வாரா?

மறுப்புகளும் விடைகளும்

'ரேடியோ அலையைப் பரப்பும் கருவி ஆயிற்றே. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் எவரும் ஆற்றலைக் கூட்டிப் பிறருக்கு இடையூறு செய்வாரே' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆற்றலின் உச்ச அளவைச் சில்லிலேயே கட்டுப்படுத்தி வைக்கட்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் சில்லுக்குக் கட்டளை தரும் முறையை வெளியிடுவதால் அந்தக் கட்டுப்பாடு உடைந்துவிடாது. அத்ரோஸும் பிராட்காமும் திறந்த இயக்கிகளை வெளியிட்ட பிறகும் வானலைகள் குழம்பிப்போய்விடவில்லையே!

'எல்லாம் தானாகவே நடக்கும்போது மாணவர் இதையெல்லாம் ஏன் கற்கவேண்டும்?' என்பது அடுத்த கேள்வி. தானாக நடப்பது புதிய கருவியில். அரசு தந்த மடிக்கணினி அண்ணனிடமிருந்து தங்கைக்கு வந்து, இயங்குதளத்தை மாற்றிப் போடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையம் வழியாக நடைபெறுகிறது. விண்ணப்பம், உதவித்தொகை, தேர்வு முடிவு யாவும் இணையத்தில். கடைசி நாளன்று வலை கிடைக்காத கணினி, பாவு அறுந்த தறியைப் போன்றது. கைப்பேசியில் எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்பார்கள். நீண்ட படிவத்தைச் சிறு திரையில் நிரப்பியவர்களுக்கு அதன் துன்பம் தெரியும்.

பள்ளியில் செய்யக்கூடியது

தமிழ்நாட்டின் 12-ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலையமைப்பு வடங்களைப் பற்றிய பாடம் இருக்கிறது. கம்பியை முனையோடு பொருத்தக் கற்பிக்கும் நாம், கம்பியில்லாததைப் பொருத்தவும் ஒரு செய்முறை வகுப்பு வைக்கலாமே! பழுதாகி ஒதுக்கிய மடிக்கணினி ஒன்று, மாற்று அட்டை ஒன்று, திருப்புளி ஒன்று. செலவு அதிகமில்லை. அட்டையின் எண்ணைக் கண்டறிதல், இயக்கியைத் தேர்ந்தெடுத்தல், நாட்டின் பெயரை அமைத்தல், வலிமையான கடவுச்சொல்லோடு வலையில் சேர்தல் ஆகிய நான்கையும் இரண்டு பாடவேளைகளில் செய்து காட்டிவிடலாம். அட்டை உயிர்பெறும் வரை கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைக் கடன் வாங்கலாம் என்ற சிறு உத்தியையும் சேர்த்துச் சொல்லித்தரலாம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மக்கள் பணத்தில் லட்சக்கணக்கான மடிக்கணினிகள் வாங்கும்போது, 'எல்லா அட்டைகளுக்கும் திறந்த இயக்கி இருக்கவேண்டும். எந்த அட்டையைச் செருகினாலும் இயந்திரம் மறுக்கக்கூடாது' என்று ஒப்பந்தப்புள்ளியில் இரண்டு வரிகள் சேர்க்கட்டும். லட்சக்கணக்கில் வாங்குபவர் சொன்னால் விற்பவர் கேட்பார். தனி ஒரு மாணவர் கேட்டால் கேட்கமாட்டார்.

மாணவ நண்பர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினியின் கம்பியில்லா அட்டையின் எண்ணைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதுங்கள். அதற்குத் திறந்த இயக்கி உண்டா என்று தேடுங்கள். அருகில் ஜக்கார்டுத் தறி இருந்தால் அதன் அட்டை ஒன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். துளைகளை எண்ணி, எந்த இழை எழும், எந்த இழை நிற்கும் என்று நெய்பவரிடமே கேளுங்கள். மறைக்காமல் சொல்லித்தருவார்.