அந்தப் பெண்கள் நாட்டில் அடிமைகள் எங்கே போனார்கள்?

முத்தாபுதுப்பேட்டையில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு கல்லூரி மாணவி 'ஹெர்லேண்ட்' நாவலைக் கொண்டுவந்தாள். "அக்கா, ஆம்பளையே இல்லாத நாடுக்கா. சண்டை இல்ல, பட்டினி இல்ல. அங்கயே போய் இருந்துடலாம் போல இருக்கு" என்றாள்.

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1915-இல் தன் பத்திரிகையில் தொடராக எழுதிய கதை. மலைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் பெண்கள் நாட்டைத் தேடி மூன்று ஆண்கள் போகிறார்கள். இரண்டாயிரம் வருடமாக அங்கே ஆண் துணையின்றியே பிள்ளை பிறக்கிறது. பெண்களால் நாடாள முடியுமா என்று நக்கலடித்துக்கொண்டு போனவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். ரசித்துத்தான் படித்தோம்.

ஆனால் தோழர்களே, அந்த நாடு பிறந்த கதையை நிறையப் பேர் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். முன்பு அங்கே ஆண்களும் இருந்தார்கள், அடிமைகளும் இருந்தார்கள். ஆண்கள் போரில் சாக, எரிமலை வெடித்துப் பாதை அடைபட, அடிமைகள் எஜமானர்களைக் கொன்று கிளர்ந்தெழுகிறார்கள். அந்த அடிமைகளைக் கொன்று முடித்த எஜமானர் வீட்டுப் பெண்கள்தான் இந்த நாட்டின் மூதாய்கள். அடிமைகளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. கதை சொல்பவன் என்னைப் போலச் சமூகவியல் படித்தவன். இந்தப் பெண்கள் ஆரிய இனம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை! இது கை தவறி எழுதியது அல்ல. பின்தங்கிய கறுப்பின மக்களை அரசே கட்டாய வேலையில் சேர்க்க வேண்டும் என்று 1908-இல் ஒரு சமூகவியல் ஆய்விதழில் கட்டுரை எழுதியவர் கில்மன்.

அமெரிக்கா வரை போவானேன்? அதே பத்தாண்டில் நம் மெரினா கடற்கரை ஐஸ் ஹவுஸில் பெண்களுக்கென்றே ஓர் இல்லம் நடந்தது. நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. தானே குழந்தை விதவை. பட்டம் படித்து, தன்னைப் போன்ற சிறுமிகளைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதன் பெயரே பிராமண விதவைகள் விடுதி. வேறு சாதியைச் சேர்த்தால் அக்ரகாரம் பெண்களை அனுப்பியிருக்காது என்பார்கள். இருக்கலாம். சேரியில் புருஷனை இழந்த பெண்ணுக்கு அந்தச் சமாதானத்தால் என்ன கிடைத்தது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்த நம் பெண் ஒருத்திக்காக நானும் லேடீஸ் ஹாஸ்டல் தேடி அலைந்தேன். ஓரிடத்தில் வார்டன் பெண், தங்கியிருப்பவர்கள் பெண்கள், வாட்ச்மேனைத் தவிர ஆணே இல்லை. "எந்த ஊரும்மா? ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டார். ரூம் காலி இல்லை என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் சொன்னதும் அந்த மாணவியின் முகம் வாடிவிட்டது. "அப்போ இதைப் படிக்கவே வேணாமாக்கா?"

படிக்கணும்டா. வரும் ஞாயிறு அடிமைகள் வரும் அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி வாசிக்கப் போகிறோம். சத்தமாக வாசிக்கப் போவது அவள்தான்.