சாவி யார் கையில்?

அம்மாவின் கம்மலை அடகு வைத்து ஃபீஸ் கட்டி, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பார்ட் டைம் சம்பளத்தில் 500 ரூபாய்க்கு பிட்காயின் வாங்கினேன். "அது எங்கேடா இருக்கு?" என்றார் அப்பா. பதில் தெரியலை!

எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்தால் சாவி அவர்களிடம். 2014-ல் ஜப்பானின் மவுண்ட் காக்ஸும், 2022-ல் எஃப்.டி.எக்ஸும் திவாலானபோது, பணம் போட்டவர்கள் தவித்தார்கள். சொந்த வாலட் என்றால் 12 அல்லது 24 வார்த்தைகளே சாவி. தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். போட்டோ எடுக்காதீங்க, யாரிடமும் சொல்லாதீங்க. தொலைந்தால் மாற்றுச் சாவி தர மேனேஜர் கிடையாது. லாபத்துக்கு 30 சதவீத வரி. நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது.

என் கருத்து இதுதான்: கற்றுக்கொள்ளக் கொஞ்சம் வாங்குங்கள், செமஸ்டர் ஃபீஸை மட்டும் இதில் போடாதீங்க. முதலில் கம்மல் வீட்டுக்கு வரட்டும்!