ஒட்டு வேலையா? ஆக்கமா?

வழுத்திருத்தக் குறிமுறைகளைப் பற்றி எம்மிடையே உரையாடுவோர் சிலர், அட்சரகணிதத்தின் நுட்பத்தில் எழுந்த தனிப்பெருங் குறிமுறைகளே அறிவின் சாதனைகள் என்பர். எளியவற்றை இணைத்து வலியதொன்றை ஆக்குதல் பொறியியலாளரின் ஒட்டு வேலை. அது கோட்பாடாகாது என்பதும் அவர்தம் வாதம். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று.

துவித இலக்கங்களை நிரைகளாகவும் நிரல்களாகவும் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒன்றுகளின் தொகை இரட்டையாகுமாறு ஈற்றில் ஓர் இலக்கம் சேர்ப்போம். நிரைச் சோதனை மட்டும் இருப்பின், ஓரிலக்கம் பிறழ்ந்தமை தெரியும், இடம் தெரியாது. நிரற் சோதனையும் சேர்ந்தால், பிழைபட்ட நிரையும் நிரலும் சந்திக்கும் இடமே பிறழ்ந்த இடம். தனித்துத் திருத்தவியலாத இரண்டு, கூடித் திருத்துகின்றன! 1950 இல் ஹமிங் வெளியிட்ட குறிமுறையின் இழிவுத் தூரம் 3. அது திருத்துவது ஒரு வழுவை. அத்தகைய இரண்டை இவ்வாறு பெருக்கின் தூரம் 9. நான்கு வழுக்கள் திருத்தத்தக்கன. 1954 இல் பீற்றர் எலியஸ் காட்டிய வழி இதுவே.

எந்த இரண்டையும் கட்டிவைத்தாற் போதும் என்று நாம் கூறவில்லை. ஒன்று தவறும் வகையை மற்றையது தாங்கவல்லதாதல் வேண்டும். உட்குறிமுறை தவறும்போது வழுக்கள் கொத்தாக விழும். இலக்கக் கொத்தினை ஒரே குறியீடாகக் கொள்ளும் றீட்–சொலமன் புறக்குறிமுறைக்கு அக்கொத்து ஓரிரு வழுக்களே. 1965 இல் டேவிட் ஃபோர்னி தமது கலாநிதிப்பட்ட ஆய்வில், 1948 இல் ஷனன் வகுத்த கொள்ளளவுக்குட்பட்ட வீதங்களில், இத்தகைய இணைப்பின் வழு நிகழ்தகவு நீளத்துடன் அடுக்குமுறையிற் குறையவும், குறிநீக்கும் உழைப்பு பல்லுறுப்பி அளவிலேயே வளரவும் கூடுமென நிறுவினார். இதனை ஒட்டு வேலை என்பதா, தேற்றம் என்பதா? 1986 இல் வொயேஜர் 2 யுரேனசிலிருந்து அனுப்பிய படங்கள், கொன்வொலூசன் குறிமுறையை உள்ளும் றீட்–சொலமனைப் புறத்தும் கொண்டே பூமியை அடைந்தன.

1962 இல் கலகர் வெளியிட்ட அடர்த்தி குறைந்த சோதனைக் குறிமுறை தனித்தே வல்லதன்றோ என வினவலாம். அதன் உள்ளமைப்பை நோக்குக: அதுவும் சின்னஞ்சிறு இரட்டைச் சோதனைகள் பல பின்னிய வலையே. எதிர்வாதத்தின் சான்றே எமக்குச் சான்றாகின்றது.

உறுப்புகளை மட்டும் கற்பித்து இணைப்பை அடிக்குறிப்பாக்கும் பாடவிதானம், மாணாக்கனுக்குச் செங்கல்லைக் காட்டி வீட்டை மறைக்கின்றது. எவ்வுறுப்பு எங்கே தவறும், அத்தவற்றை எது தாங்கும் என ஆராய்வதே இத்துறையின் நடுநாயகமான வினா. அதனைக் கைவினை என்று தள்ளுவோர், தள்ளுவது கோட்பாட்டையே.