வாயால் கேட்டால் போதாது!

மூணாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினால், 'வீட்ல கவனிக்கறதில்லையா? டியூஷன் வைங்க' என்று பழி முழுவதும் தாய் தலையில்தான் விழுகிறது. அது சோம்பலா, கற்றல் குறைபாடா என்று யார் பார்ப்பது?

1995-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் இந்தக் குறைபாட்டுக்கு இடமே இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக இதையும் சேர்த்தது. சீக்கிரமே கண்டறிந்து, ஏற்ற முறையில் கற்றுத்தர வேண்டும் என்கிறது 16-வது பிரிவு. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால், சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது. 'பார்க்கலாம்மா' என்றே வருஷத்தை ஓட்டிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம், எழுதித்தர ஆள் என்று அலைவதைவிட, இப்போதே தலைமையாசிரியருக்குத் தேதி போட்டு மனு கொடுங்கள், தோழியரே! பிள்ளை எதில் தடுமாறுகிறான், எதில் கெட்டி என்று எழுதி, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளி என்றால், வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரையும் பாருங்கள்.

மார்க்குக்காக அல்ல, 'மக்கு' என்ற பட்டம் பிஞ்சு மனசில் ஒட்டிக்கொள்வதற்கு முன் தடுக்கத்தான்!

- ஒரு வாசகி, மதுரை.