வீட்டுக்கும் ஒரு சங்கு வேண்டும்!

'பிள்ளைங்க எந்நேரமும் போனும் கையுமா இருக்குதுங்க' என்று புலம்பாத தாய்மார்கள் எங்கள் திருப்பூரில் இல்லை. போன மாதம் வரை நானும் அப்படித்தான் புலம்பிக் கொண்டிருந்தேன்.

ஒருநாள், என் ஆறு வயது மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சொப்பு வைத்து விளையாடினாள். இவள்தான் அம்மா. கையில் ஒரு தீப்பெட்டி. அதைக் கட்டை விரலால் தள்ளிக் கொண்டே, நிமிர்ந்து பாராமல், 'ம்... சொல்லு கண்ணு, கேட்டுட்டுத்தான் இருக்கேன்' என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அது நான்தான்!

இந்தப் பழக்கம் எப்படி வந்தது? 2020ல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியபோது, மூத்தவன் பாடத்துக்காகக் கடன் வாங்கி போன் வாங்கினோம். 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளும் திறந்து விட்டன. போன் மட்டும் கையை விட்டு இறங்கவில்லை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்து வருபவர்களுக்கு இரவு ஒன்பது மணியாகிறது. வீட்டிலேயே பிசிர் வெட்டும் என்னைப் போன்றவர்களுக்கோ, பீஸ் முடியும் வரை பிள்ளை தொந்தரவு செய்யாவிட்டால் போதும். அந்த நேரத்தில்தான் போன் ஆயா வேலை பார்க்கிறது. அசதி தீர நாமும் அதையே எடுக்கிறோம்.

ஆஸ்திரேலியாவில், 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கத் தடை. நல்லதுதான். ஆனால், சட்டம் பிள்ளைகள் கையைத்தான் பிடிக்கும். நம் கையை யார் பிடிப்பது?

மகாராஷ்டிரா, சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். அங்கும் கொரோனா பாடத்தோடு வந்த போன்தான் தொல்லை. 2022ல் பெண்கள் கிராம சபையில் கூடி, சைரன் வாங்க முடிவு செய்தார்கள். இரவு 7 மணிக்குக் கோவிலில் சைரன் ஒலித்ததும், வீடுகளில் டி.வி.,யையும், போனையும் அணைத்து விட வேண்டும். 8.30க்கு அடுத்த சைரன் வரை படிப்பும் பேச்சும்தான்.

ஏழு மணி நமக்குச் சரிப்படாது. அதனால், எங்கள் வீட்டில் இரவு ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை எல்லா போனும் அலமாரிக்குள். 'மனுசன் ரெஸ்ட் எடுக்க வேண்டாமா?' என்று முறைத்தார் என் கணவர். 'மெஷின்ல உட்கார்ந்தா தொட முடியுதுங்களா? முதலாளிக்காக வைக்கற போனை, மகளுக்காக வைக்கக் கூடாதுங்களா?' என்றேன். சிரித்துக் கொண்டே வைத்து விட்டார்.

சில நாள் தவறத்தான் செய்கிறது. ஆனாலும், மகள் இப்போது ஒன்பது மணிக்காகத் தூங்காமல் காத்திருக்கிறாள்.

மில் சங்குக்கும், கம்பெனி மணிக்கும் ஓடிப் பழகியவர்கள் நாம். பிள்ளைக்காக அரை மணி நேரம், நமக்கு நாமே ஒரு சங்கு ஊதிக் கொள்ளக் கூடாதா சகோதரிகளே?

- ஒரு வாசகி, திருப்பூர்.