நட்சத்திரம் யாருக்கு? விடுமுறை யாருக்கு?

தொழிலாளத் தோழர்களே!

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும், நம்மவரிடையே ஒரு வழக்குக் கிளம்பிவிடுகிறது. ஸ்ரீ கெம்பாங்கானில் மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் ஒன்று தொங்கினால், "இவன் எப்போது வேதத்தில் சேர்ந்தான்?" என்று ஒருவர் கேட்கிறார். "துரை கப்பலேறிப் போன பிறகும் துரையின் பண்டிகை நமக்கு எதற்கு?" என்கிறார் இன்னொருவர். "விசுவாசம் இல்லாதவனுக்குக் கேக் மட்டும் வேண்டுமோ?" என்று கிறிஸ்தவத் தோழர் ஒருவர் முணுமுணுக்கிறார். மூவருக்கும் பதில் சொல்லிவிட்டு, மூவரும் மறந்துபோன ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் துரையின் சங்கதி. இந்நாட்டுத் தோட்டங்களை ஆண்ட துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர் ஏராளம். அவர்களுடைய சொந்த நாட்டில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது எப்போது தெரியுமா? 1958-இல்! அங்கே சபையே அந்தப் பண்டிகையை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தது. இங்கிலாந்துப் பார்லிமெண்டோ 1647-இல் அதைத் தடையே செய்தது. டிசம்பர் 25 என்ற தேதி பைபிளில் இல்லை. மரத்தை ஜோடிப்பது ஜெர்மானியர் வழக்கம். விக்டோரியா ராணி காலத்தில்தான் அது இங்கிலாந்தில் பரவியது. ஜப்பானிலோ கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். அந்த நாள் அங்கே பொது விடுமுறையும் அல்ல. ஆயினும் கேக்கும் கோழியும் வாங்கிக் குடும்பத்தோடு தின்று மகிழ்கிறார்கள். மனிதர்கள் சேர்த்தும் கழித்தும் வளர்த்ததுதான் பண்டிகை. அப்படியிருக்க, இது துரை வீட்டுச் சொத்து என்று நாம் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்?

அடுத்து, தமிழனுக்கு இது தகுமா என்பவருக்கு. 1952-இல் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். அது மலாயாவிலும் பரவியது. பொங்கலை ஒட்டி வந்த அவ்விழாவின் நோக்கம் என்ன? இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், பகுத்தறிவாளர் என்ற பேதமின்றித் தமிழர் எல்லாரும் ஒரே பந்தலில் கூட வேண்டும் என்பதே. மதத்தை வாசலில் விட்டுவிட்டு வா என்று அந்தோணியையும் அப்துல்லாவையும் பொங்கலுக்கு அழைத்த நாம், அந்தோணி வீட்டு நட்சத்திரத்தைக் கண்டு முகம் சுளிப்பது ஞாயமா?

கிறிஸ்தவத் தோழரே, உமக்கும் ஒரு வார்த்தை. பிரிக்பீல்ட்ஸ் ஆலயத்தில் நீர் செய்யும் ஆராதனை உம்முடையது. அதில் எவரும் குறுக்கே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் உம்முடைய கேக்கைத் தின்றுவிட்டு முறுக்குத் தட்டை நீட்டுவதால் உமது விசுவாசம் குறையப் போவதில்லை. பண்டிகையைக் காலியாக்குகிறவர் வேறிடத்தில் இருக்கிறார். நவம்பர் முடியும் முன்பே நாற்பதடி மரத்தை நிறுத்திவைத்து, "வாங்கு, வாங்கு" என்று பாட்டுப் போடுகிறாரே பேரங்காடி முதலாளி, அவரைப் பாரும்!

இங்கேதான் நாம் மறந்துபோன காரியம் வருகிறது. அவசரகாலத்தில் எழுந்த செர்டாங் புதுக்கிராமம்தான் இன்றைய ஸ்ரீ கெம்பாங்கான். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரமும் ஈயச் சுரங்கமும். இன்று சுரங்கப் பள்ளத்தருகே பேரங்காடி. பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா. மரம் வெட்டிய அம்மாவின் மகள் இப்போது பேரங்காடியில் கல்லாவில் நிற்கிறாள். வாசலில் நேப்பாளத் தோழர் காவல் நிற்கிறார். டிசம்பர் 25 அன்று ஊர் முழுதும் மதமில்லாமல் கொண்டாடுகிறதே, அந்தக் கொண்டாட்டத்துக்காக வேலை செய்கிறவர்கள் இவர்கள். அன்றைய கூலி இவர்களுக்கு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று யார் கேட்பது?

1843-இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையிலும் இதே வழக்குத்தான். பாப் கிராச்சிட் என்னும் ஏழைக் கிராணி, குளிர்காய நெருப்புக்குக் கரியில்லாமல் மெழுகுவர்த்தியில் கை காய்ச்சுகிறார். வேலை செய்யாத ஒரு நாளுக்குச் சம்பளம் அழ வேண்டியிருக்கிறதே என்று முதலாளி ஸ்குரூஜ் புலம்புகிறார். நமது கிராணிமார் இதைப் படித்தால், எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்பார்கள்.

இனிச் சட்டத்தைப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி சம்பளத்துடன் கூடிய பொது விடுமுறை ஆண்டுக்கு 11 நாள். தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசியா தினம் ஆகிய ஐந்தும் கட்டாயம். மீதி ஆறு எவை என்று ஆண்டு பிறக்கும் முன்பே முதலாளி அறிவிப்பு ஒட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் அந்த ஐந்தில் இல்லை, தீபாவளியும் இல்லை! ஆகவே அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். பட்டியலில் கிறிஸ்துமஸ் இருந்தால், உன் மதம் என்ன என்று சட்டம் கேட்பதில்லை. வேலைக்கு வரச் சொன்னால், மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு விடுமுறைச் சம்பளத்தோடு இன்னும் இரண்டு நாள் கூலி. பால் எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு அன்றைய வீதம் இரு மடங்கு.

இன்னொரு கண்ணியும் உண்டு. விடுமுறைக்கு முந்திய வேலை நாளோ பிந்திய வேலை நாளோ, அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் மட்டம் போட்டால் விடுமுறைச் சம்பளம் போய்விடும். 25-ஆம் தேதி மூக்கு முட்டக் குடித்துவிட்டு 26-ஆம் தேதி பெரட்டுக்கு வராத தோழர், கொண்டாடிய நாளின் கூலியையும் சேர்த்துக் குடித்தவராகிறார்!

ஆகவே, தோழர்களே, நட்சத்திரத்தைக் கட்டுங்கள். கடன் வாங்காமல் கேக் வெட்டுங்கள். எந்தச் சாமியையும் கும்பிடாதவரும் வந்து உட்காரட்டும். பிறகு கல்லாவில் நிற்கும் மகளிடமும் வாசலில் நிற்கும் காவலரிடமும் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கணக்குப் பாருங்கள். குறைந்திருந்தால் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!